திங்கட்கிழமைச் சோறு

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அறுத்து, ஓரம் தேய்த்து, சட்டத்துக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. மயிரிழை பெரிதாகப் போனால் வில்லை விரிசல் விடும். மயிரிழை சிறுத்தால் கழன்று விழும். பதினோரு வருஷத்தில் அவள் கெடுத்த வில்லைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவள் கணவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். அங்கே எட்டு மணி நேரம் சூப்பர்வைசர் என்றால், வீட்டில் மீதிப் பதினாறு மணி நேரமும் சூப்பர்வைசர். கெட்ட மனிதர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்றால் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். பிறகு கால் தரையில் பாவாது.

அந்தப் புகழுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகள். மொட்டை மாடியில், எண்ணெய் பீப்பாயை நெடுக்காக அறுத்துச் செய்த அடுப்பு ஒன்று வைத்திருந்தார். அவருடைய இரண்டு தங்கைகளும் குடும்பத்தோடு மதியம் வந்துவிடுவார்கள். அவர் கரியை மூட்டி, கம்பி வலை மேல் கறியை அடுக்கி, இடுக்கியால் புரட்டிப் புரட்டிச் சுடுவார். கறி வாங்குவது, கழுவுவது, முந்தின நாளே மசாலா தடவி ஊறவைப்பது, கடைசியில் வலையைத் தேய்ப்பது, இதெல்லாம் பேர் இல்லாத வேலைகள்.

"எங்க அண்ணன் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று சின்ன நாத்தனார் எலும்பைச் சப்பிக்கொண்டே சொல்வாள். கண்ணாடிக்காரி தட்டுகளை அடுக்கிக்கொண்டு கீழே இறங்குவாள்.

வருகிற வயிறுகளுக்கு இரண்டு மடங்கு வாங்குவது அவர் வழக்கம். அண்ணன் வீட்டில் கறி தீர்ந்துபோயிற்று என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அதனால் சாயங்காலம் ஒரு தட்டு நிறைய மிஞ்சும். ஆறிப்போன கால் துண்டுகள், ஓரம் கரிந்த சதை, எலும்போடு ஒட்டிய நார். சூடு பண்ணினால் செருப்புத் தோல். கொட்ட அவளுக்கு மனம் வராது. ஒரு ஞாயிறு இரவு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அன்றே சோற்றை விறைப்பாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் கறியை எலும்பிலிருந்து பிய்த்து, நாருக்குக் குறுக்கே பொடியாக நறுக்கினாள். எலும்பை ஒரு கிண்ணம் தண்ணீரில் கொதிக்கப் போட்டாள். அகல இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் போட்டது நல்ல கறியை அல்ல. தீய்ந்த ஓரங்களையும் கொழுப்பையும்தான். பூண்டோடு சேர்ந்து அது பொரிந்தபோது சட்டிக்குள் மொட்டை மாடியே வந்துவிட்டது போலப் புகை மணந்தது. பிறகு வெங்காயம், காரட், கோஸ், ஒதுக்கிய இடத்தில் இரண்டு முட்டை. உதிர்த்த சோறு. எலும்புத் தண்ணீர் ஒரு கரண்டி, சுற்றிலும் தெளித்தது. மிளகு, சோயா சாஸ். கடைசியில்தான் கறி, சூடேறும் மட்டும்.

பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் தட்டை வழித்து நக்கினாள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு டப்பா கட்டி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்களும் கேட்டார். அதற்கடுத்த திங்கள், "டப்பாவைக் கொஞ்சம் பெருசா கட்டேன்" என்றார். புருஷனுக்குப் பிடித்துவிட்டது என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மூன்று மாதம் கழித்து, கிடங்கில் ஊழியர் குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு விழா வைத்தார்கள். கையில் கேக் துண்டோடு நின்றவளிடம் மேனேஜரின் மனைவி வந்தார்.

"நீங்கதானா சூப்பர்வைசர் வீட்டம்மா? குடுத்து வச்சவங்க நீங்க! எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. உங்களவர் வாராவாரம் விடியக்காலைல எழுந்து ஃப்ரைட் ரைஸ் செய்றாராமே! எங்கவர் திங்கக்கிழமை ஆனா அதைச் சாப்பிட்டுட்டு வீட்டுச் சாப்பாட்டையே மறந்துடறார்."

கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி நின்ற கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பரீட்சையில் காப்பியடித்து அகப்பட்ட பையனைப் போல அவர் முகம் ஆகிவிட்டது. அந்தக் கண்களில் அப்படி ஒரு கெஞ்சல். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

"ஆமாங்க," என்று சிரித்தாள் அவள். "நல்லா செய்வார்."

வீட்டுக்குத் திரும்புகையில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள். "ஏன் அப்படிச் சொல்லி வச்சிருக்கீங்க?"

"எப்படிச் சொன்னேன்? மேனேஜர் யார் செஞ்சதுன்னு கேட்டார். நான்தான்னு வாயில வந்துடுச்சு. கறி சுட்டது நான்தானே? அதுல பாதி என் வேலைதானே?"

"மீதிப் பாதி?"

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? புருஷன் பேரு பொண்டாட்டி பேரு எல்லாம் ஒண்ணுதான்."

அந்த நேரத்தில் பேசியிருக்க வேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்தாள். ஆனால் மேனேஜர் மனைவியிடம் சிரித்தபோதே அவளும் பொய்யில் பங்காளி ஆகிவிட்டாள். சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது.

டப்பா மூன்றாயிற்று. மூன்று, மூடி போட்ட பெரிய பாத்திரமாயிற்று. ஒரு வருஷத்துக்குள் கிடங்கில் இருபத்திரண்டு பேருக்குச் செய்துகொண்டிருந்தாள். மிஞ்சியதை வீணாக்காமல் சமைத்தது போய், மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே கறி சுட்டார்கள். ஞாயிறு மதியம் பெரிய நாத்தனாரின் மகன் நாலாவது துண்டுக்குக் கை நீட்டினால், "போதும்டா, வயித்துக்கு ஆகாது" என்றார் கணவர்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு எழுந்திருப்பாள். சமையலறை ரயில் பெட்டியின் கழிப்பறை போல ஒடுக்கம். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். புகை வெளியே போய், சுவரில் மோதி, யோசித்துவிட்டு உள்ளேயே திரும்பி வரும். இருபத்திரண்டு பேர் சோற்றை ஒரே சட்டியில் கிளற முடியாது, குழைந்துவிடும். ஆறு தடவையாகப் பிரித்துப் போடுவாள். ஆறாவது தடவை முடியும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். குளித்துவிட்டுக் கடைக்குப் போனாலும், வில்லையைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கும்போது விரலில் புகை மணக்கும்.

"அம்மா, நீ ஏன் சொல்லிடக் கூடாது?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"சொன்னா அப்பாவுக்கு அசிங்கம்."

"சொல்லாட்டி உனக்குத்தான் கை வலி."

"நீ படிக்கிற வேலையைப் பாரு," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டார். "புது மெஷின் வருது. வில்லையைத் தானே அளந்து தானே அறுக்கும். கம்பெனி ஆள் ஆறு திங்கக்கிழமை வந்து காலைல ஏழு மணிக்குக் கத்துக் குடுப்பார். கடை திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். நீதான் கத்துக்கணும்னு நினைச்சிருக்கேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மெஷினைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தாள். கணவரிடம் சொன்னாள். "ஆறே ஆறு வாரம். அதுக்கு மட்டும் விட்டுடறேன்."

அவர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "இப்பவா? கேன்டீன் ஆரம்பிக்கப் போறாங்களாம். பொறுப்பை என்கிட்ட குடுக்கலாம்னு மேனேஜர் காதுல போட்டிருக்கார். கிடங்குக் குளிர்ல நின்னு நின்னு என் முட்டி என்ன பாடு படுதுன்னு உனக்குத் தெரியாதா? இந்த நேரத்துல நிறுத்தினா நல்லாவா இருக்கும்?"

முட்டி வலி உண்மைதான். இரவில் அவள்தான் தைலம் தேய்த்துவிடுகிறாள். அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வெறும் வீம்பாக இருந்திருந்தால் சுலபம்.

மறுநாள் முதலாளியிடம், "திங்கக்கிழமை எனக்கு முடியாது சார்" என்றாள்.

"அப்படி என்ன தலை போற வேலை?"

"சமையல்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆன ஒரு பெண் கற்றுக்கொண்டாள். மெஷின் வந்தது, முன்கூடத்தில் இடம் வேண்டும் என்று கண்ணாடிக்காரியின் தேய்ப்புக்கல்லைப் பின்னறைக்கு நகர்த்தினார்கள், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே. அங்கே ஜன்னலும் கிடையாது. வீட்டிலும் சுவர், கடையிலும் சுவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கணவர் பேயறைந்த முகத்தோடு வந்தார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து பெரியவர் வராராம். வர்ற சனிக்கிழமை மத்தியானம் எல்லார் முன்னாடியும் நான் ஃப்ரைட் ரைஸ் செஞ்சு காட்டணுமாம். பிடிச்சிருந்தா கேன்டீன் எனக்கு."

மகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நீ கத்துக் குடு," என்றார் அவளிடம். "மூணு நாள் இருக்கு."

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வேறு ஒன்று தோன்றியது. இவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால்? திங்கட்கிழமை இவருடையது ஆகிவிடும். பொய்யே மெய்யாகிவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை, அவளுக்கும் விடுதலை. அதனால் மனசாரச் சொல்லிக்கொடுத்தாள்.

"எத்தனை நிமிஷம் வறுக்கணும்?" நோட்டும் பேனாவுமாக நின்றார்.

"நிமிஷம் கிடையாதுங்க. சத்தம் மாறும்."

"என்ன சத்தம்?"

"முதல்ல சளசளன்னு கேக்கும். ஈரம் போனதும் சரசரன்னு வரும். அப்பதான் சோறு போடணும்."

அவர் நோட்டில் 'சரசர' என்று எழுதிக்கொண்டார். இத்தனை நாளாகத் தன் கைக்கு இவ்வளவு தெரியும் என்பதே, வாயால் சொல்லும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சோற்றை மட்டும் முதல் நாளே வடித்து ஆறவைக்கச் சொல்லி, மூன்று நாளும் மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும், "சரி சரி, அது தெரியாதா" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே வடிக்க எழுந்தபோது தடுத்தார். "அறுபது பேருக்கு வீட்ல எப்படி வடிப்ப? அங்க ஆள் இருக்கு. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கிடங்கு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய அடுப்பு, வெள்ளைத் தொப்பியோடு அவள் கணவர். அண்டா மூடியைத் திறந்தார்கள்; ஆவி குபீரென்று மேலே எழும்பியது. சோறு அப்போதுதான் வடித்து இறக்கியது.

அவள் பக்கத்தில் போய் முணுமுணுத்தாள். "இப்படியே போடாதீங்க. கொஞ்ச நேரம் பரப்பி வைங்க, ஃபேன் போடச் சொல்லுங்க."

"நீ போய் உட்காரு," என்றார் உதடு அசையாமல். "எல்லாரும் பாக்கறாங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் கறியை முதலில் கொட்டினார். அதற்கு மேல் காய். சளசளவென்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சோற்றைக் கொட்டினார். கரண்டியைச் சுழற்றிய அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சட்டியில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பிண்டமாக உருண்டு வந்தது. சட்டத்துக்குச் சேராத வில்லையை ஒருவர் அழுத்திக்கொண்டே இருப்பதைப் பார்ப்பது போல அவளுக்குப் பல் கூசியது.

பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டார். கறியை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"என்ன சூப்பர்வைசர்," என்றார் மேனேஜர், "இன்னிக்கு வேற மாதிரி இருக்கே?"

கணவர் தொப்பியைச் சரிசெய்தார். "அரிசி சரியில்ல சார். வீட்டுக்காரிகிட்ட சொல்லி வாங்கச் சொன்னேன். அவளுக்கு என்ன தெரியும், சமையக்கட்டு பக்கமே வர மாட்டா."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. மேனேஜர் மனைவி அன்பாக அவள் கையைத் தட்டினார். "விடுங்க, எனக்கும் ஒண்ணும் தெரியாது."

எழுந்திருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் நிற்பது தெரிந்தது.

"அரிசி நல்ல அரிசிதாங்க," என்றாள். "நேத்தே வடிச்சு ஆற வச்சிருக்கணும். மூணு நாளா இவருக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வருஷமா திங்கக்கிழமை நீங்க சாப்பிட்டது எல்லாம் நான் செஞ்சது."

கடைசி வரிசையிலிருந்து மூட்டை தூக்கும் ஒரு முதியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்பவே நினைச்சேன். சூப்பர்வைசர் கையில ஒருநாள்கூட வெங்காய வாசனை அடிச்சதில்லையே!"

சிரிப்பு வெடித்தது. இந்தத் தடவை அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. கணவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை.

தலைமை அலுவலகப் பெரியவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா கேன்டீனை நீங்களே எடுத்து நடத்துங்களேன்மா," என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவரின் தலை நிமிர்ந்தது. "செய்வா சார்! தாராளமா செய்வா! இருபது பேருக்குச் செய்றவளுக்கு அறுபது பேர் ஒரு பெருசா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே களை. ஏதோ வரம் கிடைத்தவளைப் பார்ப்பது போல. மேனேஜர் மனைவி கைகூடத் தட்டிவிட்டார். ஒடுக்கமான சமையலறை, சுவரில் மோதித் திரும்பும் புகை, ஆறு தடவைச் சட்டி, எல்லாம் வாரத்தில் ஒரு நாளிலிருந்து ஆறு நாளாக நீண்டு அவள் கண்முன் நின்றது.

"எனக்கு வேலை இருக்குங்க," என்றாள்.

"என்ன வேலை?" என்றார் பெரியவர்.

"கண்ணாடிக்கு வில்லை அறுக்கிறேன். நீங்க போட்டிருக்கற கண்ணாடில இடது வில்லை சரியா உட்காரல. அதான் அடிக்கடி மூக்குல ஏத்தி விடறீங்க. கடைக்கு வந்தீங்கன்னா சரி பண்ணித் தரேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கதவைச் சாத்தினார். "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

"ஒரு வருஷமா அதை நான்தான் காவல் காத்தேன். இன்னிக்கு நீங்களே தொலைச்சுட்டீங்க."

அதற்குப் பிறகு எட்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. நாத்தனார்கள் ஆளுக்கொரு தடவை போன் செய்தார்கள். "என்ன இருந்தாலும் அண்ணி, ஆம்பளையை அப்படிச் சபையில நிறுத்தலாமா?" அவள் ஊம் கொட்டினாள். கேன்டீனை யாரோ ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். கணவர் குளிர் அறைக்கே திரும்பினார். கிடங்கில் அவரைக் கண்டால் ஆட்கள் 'சரசர' என்று முனகுகிறார்களாம். நோட்டை யாரோ பார்த்துவிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னது மகள்தான். அப்பாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். கண்ணாடிக்காரி முதலாளியிடம் மெஷினைப் பற்றிக் கேட்டாள். "இனிமே அடுத்த பயிற்சி எப்பன்னு தெரியாதும்மா" என்றுவிட்டார். பின்னறை பின்னறையாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு கணவர் வழக்கம் போல அடுப்பை மூட்டினார். கை பழகிய பழக்கம், இரண்டு மடங்கு கறி. யாரும் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தட்டு நிறைய மிஞ்சியது. அவள் அதை மூடி, பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தாள். சோறு வடிக்கவில்லை.

திங்கட்கிழமை விழித்தபோது ஆறு மணி. சமையலறையில் விளக்கு எரிந்தது. பாத்திரம் உருளும் சத்தம். அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே கத்தி பலகையில் ஏறுக்குமாறாக விழுந்தது. கதவு வழியே தெரிந்தது: பெரிது பெரிதாக நறுக்குகிறார், நார் போகிற திசையிலேயே. அவள் எழப் போனவள், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அரிசி எங்க இருக்கு?" எட்டு நாளில் முதல் பேச்சு.

"கீழ் அலமாரி. நீல டப்பா."

ஒரு மணி நேரம் கழித்து மூன்று தட்டுகள் வந்தன. மகள் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக எழும்பியது. "அப்பா, இது களியா, சோறா?"

அவர் கண்ணாடிக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் ஒரு இடத்தில் துணி சுற்றியிருந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கு," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், வாசற்படியில் நின்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமையே வடிச்சு வச்சுடணும்."

யார் வடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கினாள்.